தோளுக்குப் பின்னால் இருந்த வால்வு: மான்டரே லாங்-ஈஸி விபத்தும் எரிபொருள் இன்ஸ்பெக்ஷனும்

1997 அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கலிஃபோர்னியாவின் மான்டரே விமான நிலையத்திலிருந்து இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன விமானம் கிளம்புகிறது. மூன்று முறை ரன்வேயைத் தொட்டுத் தொட்டு எழும்பிப் பழகுகிறது, அப்புறம் மேற்கே கடலோரமாகப் போகிறது. 5.28 மணி வாக்கில் பசிஃபிக் குரோவ் ஊரையொட்டிய கடலில் தலைகுப்புற விழுகிறது. உள்ளே இருந்தது ஒருவர்தான், பாடகர் ஜான் டென்வர். பிழைக்கவில்லை.

பிரபலமான ஆள் என்பதால் இந்த விபத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், அதில் கணிசமான பங்கு அவருடைய மெடிக்கல் சான்றிதழ் பற்றிய வம்பு. சான்று அப்போது செல்லுபடியாகவில்லை என்பது உண்மைதான். உடலில் மதுவோ போதைப்பொருளோ இல்லை என்பதும் உண்மைதான். அதை இங்கே விட்டுவிடலாம். சின்ன விமானங்களின் எரிபொருள் அமைப்பை இன்ஸ்பெக்ட் செய்கிறவர்களுக்கும், அந்த இன்ஸ்பெக்ஷனை நம்பி ஏறி உட்காருகிறவர்களுக்கும் இதில் வேறு ஒரு விஷயம் இருக்கிறது. விபத்துக்கான காரணம் என்று விசாரணை அறிக்கை சொன்னதில் டேங்க் ஓட்டை, லைன் லீக், பம்ப் பழுது, அடைத்துப்போன ஃபில்டர் என்று எதுவும் கிடையாது. வழக்கமான இன்ஸ்பெக்ஷன் தாளில் வரிசையாக டிக் அடித்துக்கொண்டே போகலாம். ஆனாலும் அது எரிபொருள் அமைப்பால் வந்த விபத்து.

விமானத்தைப் பற்றிக் கொஞ்சம்

லாங்-ஈஸி என்பது பர்ட் ரூட்டன் வடிவமைத்து 1979-ல் முதலில் பறந்த விமானம். கம்பெனியில் வாங்குவது இல்லை. வரைபடத்தை வாங்கி, ஃபோமையும் ஃபைபர் கிளாஸையும் வைத்து அவரவரே வீட்டில் கட்டிக்கொள்வது. எஞ்சினும் புரொப்பெல்லரும் பின்னால், சின்னத் துணை இறக்கை மூக்கில், ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்து படுத்த மாதிரி உட்கார வேண்டும். பைலட்டின் கன்ட்ரோல் ஸ்டிக் வலப்பக்கச் சுவரை ஒட்டி இருக்கும். எரிபொருள் இரண்டு டேங்குகளில், இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் இடது ஒன்று வலது ஒன்று. இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுக்கும் வசதி இதில் இல்லை. ஏதாவது ஒரு டேங்கிலிருந்துதான் எஞ்சினுக்குப் போகும், அது தீரும் முன்னால் பைலட் செலக்டர் வால்வைத் திருப்பி அடுத்த டேங்குக்கு மாற்ற வேண்டும். பழைய பைக்கில் ரிசர்வ் திருப்பியவர்களுக்கு இது புரியும்: வண்டி இழுக்கத் தொடங்கியதும் ஹேண்டிலை விடாமல், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கை தானாகக் கீழே போய்த் திருப்பிவிடும். கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததால்தான் அது முடிந்தது.

ரூட்டனின் வரைபடத்தில் இந்த வால்வு பைலட்டின் இரண்டு கால்களுக்கு நடுவே இருக்கிறது. குனிந்து பார்த்தால் தெரியும், கையை நீட்டினால் எட்டும். டென்வர் வாங்கிய விமானத்தைக் கட்டியவர் அதை அங்கே வைக்கவில்லை. பைலட் உட்காரும் இடத்துக்குள் எரிபொருள் லைன் வரக்கூடாது என்று நினைத்தார். நியாயமான பயம்தான், விழுந்தால் மடியில் பெட்ரோல் கொட்டுவதை யாரும் விரும்ப மாட்டார்கள். அதனால் வால்வை எஞ்சின் பக்கத் தடுப்புச் சுவரில் வைத்து, அதிலிருந்து ஒரு நீளமான குழாயை முன்னால் கொண்டுவந்து, அதன் முனையில் கைப்பிடியைப் பொருத்தினார். அந்த முனை வந்து நின்ற இடம் பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால். எந்த நிலையில் எந்த டேங்க், எது ஆஃப் என்று பக்கத்தில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

எரிபொருள் அளவு பார்க்கும் கேஜும் இதே கதைதான். லாங்-ஈஸியில் டேங்கின் உட்புறச் சுவரிலேயே ஒளி ஊடுருவும் ஒரு பட்டை இருக்கும், அதில் பெட்ரோல் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். பின் சீட்டில் இருப்பவருக்கு அது பக்கத்திலேயே இருக்கிறது. முன் சீட்டில் இருப்பவர் கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். இந்த விமானத்தில் அந்தப் பட்டைகளிலும் அளவுக்கோடு எதுவும் போடப்படவில்லை.

கிளம்பும் முன்னால் நடந்தது

டென்வர் புதுப் பைலட் இல்லை. சுமார் 2,750 மணி நேரம் பறந்தவர், கடல் விமானம், கிளைடர், லியர்ஜெட் வரை உரிமம் வைத்திருந்தவர். ஆனால் இந்த ரகத்தில் அவருக்குக் கிடைத்த பழக்கம் முந்தைய நாள் சாண்டா மரியாவில் கிடைத்த அரை மணி நேரச் சொல்லிக்கொடுத்தல்தான். அங்கிருந்து மான்டரேவுக்கு அவரே ஓட்டி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, கிளம்புவதற்கு முன்னால் ஒரு மெக்கானிக் கூட இருந்தார். செலக்டர் கைப்பிடி எட்டவில்லை என்பது இருவருக்கும் தெரிந்தே இருந்தது. சும்மா விட்டுவிடவும் இல்லை. கைப்பிடியில் ஒரு வைஸ் கிரிப் பிளையரைக் கவ்வவைத்து நீளம் கூட்டிப் பார்த்தார்கள். பெல்ட் போட்டு உட்கார்ந்த நிலையில் அப்போதும் எட்டவில்லை. சரி, வானத்தில் ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு, விமானம் சமமாகப் போகும்போது திரும்பி மாற்றிக்கொள்கிறேன் என்று டென்வர் சொன்னார். அப்புறம் எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். மெக்கானிக் பின்னால் பார்த்து, வலது டேங்கில் பாதிக்கும் குறைவு, இடதில் கால்வாசிக்கும் குறைவு என்றார். பறக்கும்போது தோளுக்கு மேலாகக் கேஜைப் பார்த்துக்கொள்ள, பழுது பார்க்கும்போது பயன்படுத்தும் சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றையும் கொடுத்தார். நிரப்பிக்கொள்கிறீர்களா என்று கேட்டதற்கு, வேண்டாம், ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன் என்று பதில். அந்தக் கண்ணாடி பின்னாடி சிதைவுகளோடு கிடைத்தது.

இந்தச் சில நிமிடங்களை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் அலட்சியமாக இல்லை. குறையை இருவரும் பார்த்தார்கள், பேசினார்கள், கையில் இருந்த கருவியை வைத்துச் சமாளிக்கவும் பார்த்தார்கள். பிளையர் கவ்வியதும் கண்ணாடி கைமாறியதும் உண்மையில் இன்ஸ்பெக்ஷனில் கண்டுபிடிக்கப்பட்ட இரண்டு குறைகள், எழுதப்படாததுதான் பாக்கி. ஒரு கன்ட்ரோலை இயக்க விமானத்தில் இல்லாத ஒரு பொருள் தேவைப்படுகிறது என்றால் அந்தக் கன்ட்ரோல் இன்ஸ்பெக்ஷனில் தேறவில்லை என்று அர்த்தம். ஆனால் கையில் கருவி இருந்துவிட்டால் குறை தீர்ந்துவிட்ட மாதிரி ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. பராமரிப்பு வேலை செய்கிறவர்களுக்கு இது ரொம்பவே சகஜமான பொறி, ஏனென்றால் நாள் முழுக்க எட்டாத இடத்தை எட்டவைப்பதுதான் அவர்கள் தொழிலே.

கடைசி நிமிடங்கள்

பார்த்தவர்கள் 20 பேர். விமானம் குடியிருப்புகளுக்கு மேலே 350 முதல் 500 அடி உயரத்தில்தான் போனது என்றார்கள். அவர்களில் 8 பேர், விழுவதற்குச் சற்று முன்னால் டப் என்று ஒரு சத்தமும் அதோடு எஞ்சின் ஒலி குறைந்ததையும் கேட்டிருக்கிறார்கள். பிறகு விமானம் வலப்பக்கம் சாய்ந்ததைச் சிலரும், செங்குத்தாக இறங்கியதைப் பலரும் பார்த்தார்கள்.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அதாவது என்.டி.எஸ்.பி., இன்னொரு லாங்-ஈஸியில் ஆளை உட்காரவைத்து இதைச் செய்துபார்த்தது. கைப்பிடியைத் திருப்ப என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது? வலது கையை ஸ்டிக்கிலிருந்து எடுக்க வேண்டும். தோள் பெல்ட்டைத் தளர்த்த வேண்டும். மேலுடம்பை இடப்பக்கம் 90 டிகிரி திருப்ப வேண்டும். அப்புறம்தான் கைப்பிடி. இப்படித் திரும்பும்போது உடம்பு ஏதாவது ஒன்றில் ஊன்ற வேண்டும் இல்லையா, வலது கால் தானாகவே வலது ரட்டர் பெடலை, அதாவது விமானத்தின் மூக்கை வலப்பக்கம் திருப்பும் தகட்டை அசைக்கும் பெடலை, மிதித்தது. பறக்கும்போது அந்தப் பெடலை மிதித்தால் மூக்கு கொஞ்சம் மேலே எழும்பி விமானம் வலப்பக்கம் சாயும். பார்த்தவர்கள் சொன்னதும் அதுதான்.

இங்கே லாங்-ஈஸியின் இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பெரும்பாலான விமானங்களில் இரண்டு ரட்டர் பெடல்களும் இணைந்தே அசையும். வலதை மிதித்தால் இடது கால் பின்னால் தள்ளப்படும், தப்பு நடப்பது இடது காலுக்குத் தெரிந்துவிடும். லாங்-ஈஸியில் இறக்கை முனைகளில் ஆளுக்கொரு ரட்டர், பெடல்கள் தனித்தனி. வலது பெடல் உள்ளே போனாலும் இடது காலில் எந்த உணர்வும் வராது. திரும்பி உட்கார்ந்திருக்கும் ஆள், கண் பின்னால், கை பின்னால், கால் சொல்லவும் வழியில்லை. அறிக்கை இதை ஒரு காரணமாக எழுதவில்லை, இது என் கணிப்பு மட்டுமே.

செலக்டர் வால்வு சிதைவுகளில் கிடைத்தபோது இரண்டு டேங்க் நிலைகளுக்கும் நடுவில் நின்றிருந்தது.

வாரியம் என்ன முடிவுக்கு வந்தது? முதன்மைக் காரணங்கள் இரண்டு: கைப்பிடியோடு போராடும்போது பைலட்டின் கவனம் ஓட்டுவதிலிருந்து விலகி, அறியாமல் வலது ரட்டரை மிதித்துக் கட்டுப்பாடு இழந்தது, எரிபொருள் நிரப்பாமல் போதிய முன் தயாரிப்பின்றிக் கிளம்பியது. துணைக் காரணங்களாக, கட்டியவர் கைப்பிடியை எட்டாத இடத்தில் குறியீடு எதுவுமின்றி வைத்தது, அளவுக்கோடு இல்லாத கேஜ், இந்த ரக விமானத்துக்கு மாறுவதற்கான பயிற்சி போதாதது, இந்த ரகத்தில் அனுபவக் குறைவு. பைலட் மேலே, விமானம் கீழே என்ற இந்த வரிசையில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நிரப்பாமல் போனது அவர் தவறு, அதில் மறுபேச்சு கிடையாது. ஆனால் முழுசாக நிரப்பிக்கொண்டு போயிருந்தாலும் என்றாவது ஒரு நாள், யாராவது ஒருவர், அந்தக் கைப்பிடியைத் தேடித் திரும்பியே ஆக வேண்டும். விமானத்தின் அமைப்பு அப்படி.

இதே வாரியம் 2017-ல் எரிபொருள் நிர்வாகம் பற்றி வெளியிட்ட ஒரு பாதுகாப்பு எச்சரிக்கையில் 2011 முதல் 2015 வரையிலான கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் சின்ன விமானங்களில் எரிபொருள் நிர்வாகத்தால் ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கும் மேற்பட்ட விபத்துகள். அதில் 56 சதவீதம் சுத்தமாகத் தீர்ந்துபோனது. 35 சதவீதம் டேங்கில் இருந்தும் எஞ்சினுக்குப் போய்ச் சேராதது. எரிபொருள் அமைப்பின் பழுது என்று சொன்னது 5 சதவீதத்துக்கும் குறைவு, 95 சதவீதத்தில் ஆட்களின் பங்கு. இந்தக் கணக்கைப் பார்த்து, பாகங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, பைலட்டுகள்தான் சரியில்லை என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. மான்டரே விபத்தை அந்தக் கணக்கில் போட்டால் அது எந்தப் பக்கம் விழும் என்று யோசித்துப் பாருங்கள். வால்வு உடையவில்லை, ஆகவே ஆள் பக்கம்தான்.

தாளில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

கம்பெனியில் தயாராகும் சின்ன விமானங்களுக்கு அமெரிக்காவில் ஆண்டுக்கு ஒரு முறை முழு இன்ஸ்பெக்ஷன். வீட்டில் கட்டியவற்றுக்கும் 12 மாதத்துக்கு ஒரு முறை நிலைமைச் சோதனை, அதன் வீச்சு அமெரிக்க விமான விதி 43-ன் பின்னிணைப்பு டி-யில் சொன்ன அளவுக்கு இருக்க வேண்டும். அந்தப் பின்னிணைப்பில் பைலட் அறையில் உள்ள அமைப்புகளைப் பற்றி ஒரு வரி வருகிறது: தவறான பொருத்தம், மோசமான பொது நிலை, வெளிப்படையாகத் தெரியும் குறை, பிடிப்பில் தளர்வு, இவற்றுக்காகப் பார்க்க வேண்டும். கடைசி மூன்றையும் எல்லோரும் பார்ப்பார்கள். முதலாவது, தவறான பொருத்தம், அங்கேதான் சிக்கல். கம்பெனி விமானத்தில் எது சரியான பொருத்தம் என்று சொல்ல மேனுவல் இருக்கிறது. வீட்டில் கட்டிய விமானத்தில் கட்டியவர்தான் தயாரிப்பாளர்; அவர் தோளுக்குப் பின்னால் வைத்தால் அதுதான் அந்த விமானத்தின் சரியான இடம் என்று வாதாடலாம். வரைபடத்திலிருந்து மாறினால் சட்டப்படி குற்றமும் இல்லை.

ஆனால் அளவுகோலே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கம்பெனி விமானங்களுக்கான விதி 23-ல் அப்போது 777 என்ற பிரிவு இருந்தது. எரிபொருள் செலக்டரை, பைலட்டின் சீட் எந்த நிலையில் இருந்தாலும், சீட்டை நகர்த்தாமலும் முதன்மைக் கன்ட்ரோல்களை அசைக்காமலும், பைலட் பார்க்கவும் எட்டவும் கூடிய இடத்தில் வைக்க வேண்டும் என்று அது சொன்னது. மான்டரேயில் நடந்ததை முன்கூட்டியே பார்த்து எழுதிய மாதிரி இருக்கும் அந்த வாசகம். 995-வது பிரிவில் இன்னொரு நல்ல கட்டளை: ஒரு டேங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கைப்பிடி ஆஃப் நிலையைத் தாண்டிப் போகவே கூடாது, ஆஃப் செய்ய வேண்டுமென்றால் தனியாக வேறொரு செயல் தேவைப்பட வேண்டும். இவை எதுவும் வீட்டில் கட்டிய லாங்-ஈஸியைக் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தாவிட்டால் என்ன, இன்ஸ்பெக்ஷன் செய்கிறவர் அதை எடுத்து அளந்து பார்ப்பதை யாரும் தடுக்கவில்லையே.

1999-ல் விசாரணையை முடித்தபோது வாரியமும் இதையொட்டி ஒரு பரிந்துரை வைத்தது. வீட்டில் கட்டிய விமானத்துக்குச் சான்று கொடுக்கும் முன்னால், எரிபொருள் செலக்டர் உட்பட முக்கியமான கன்ட்ரோல்களில் குறியீடுகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும் என்று.

சீட்டில் உட்கார்ந்து செய்யும் சோதனை

எரிபொருள் இன்ஸ்பெக்ஷனில் பெரும்பகுதி வெளியே நின்று, கவரைக் கழற்றி, டார்ச் அடித்துச் செய்வது. அது இருக்கட்டும். அதோடு ஒரு கால் மணி நேரம் உள்ளே உட்கார்ந்து செய்ய வேண்டும் என்பது என் கட்சி. செய்முறை பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஓட்டப்போகும் ஆளையே உட்காரவைக்க வேண்டும், மெக்கானிக்கை வைத்துப் பார்த்துப் பயன் இல்லை, கை நீளம் ஆளுக்கு ஆள் மாறும். அவர் வழக்கமாக வைக்கும் குஷனோடு, தோள் பெல்ட்டை இறுக்கிப் பூட்டி, ஒரு கை ஸ்டிக்கில், இரண்டு கால் பெடலில். இப்போது வலது டேங்குக்கு மாற்றச் சொல்லுங்கள். வெளியே ஒருவர் ரட்டரையும், மூக்கை மேலும் கீழும் அசைக்கும் தகடான எலிவேட்டரையும் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். கைப்பிடி திரும்பும் நேரத்தில் வெளியே எது அசைந்தாலும் அது எழுதவேண்டிய குறை. மான்டரே விமானத்தில் யாராவது ஒருவர் இறக்கை முனையில் நின்று பார்த்திருந்தால் வலது ரட்டர் வெளிப்பக்கம் மடங்குவதைத் தரையிலேயே பார்த்திருக்கலாம்.

அடுத்து கண்ணை மூடிக்கொண்டு அதையே செய்யச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் வால்வு டக்கென்று உட்காருவது கையில் தெரிய வேண்டும். தெரியவில்லை, வழவழவென்று எங்கே வேண்டுமானாலும் நிற்கிறது என்றால் உள்ளே தேய்ந்திருக்கிறது. ரொம்ப இறுக்கமாக இருந்தாலும் அதே மாதிரிதான், எண்ணெய் விட்டுச் சமாளிக்கக்கூடாது, வால்வைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு கையால் திருப்ப வேண்டிய வால்வோடு பறப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், பழகிவிட்டது என்பார்கள். எஞ்சின் நின்று உயரம் 400 அடியாக இருக்கும்போது அந்தப் பழக்கம் எவ்வளவு உதவும் என்று தெரியவில்லை.

மூன்றாவது, எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு டேங்கிலும் வைத்துப் பார்ப்பது. இதில் பலரும் ஏமாறுவது நேரத்தில். வால்வுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே லைனிலும் ஃபில்டர் கிண்ணத்திலும் கார்புரேட்டரிலும் இருக்கும் பெட்ரோலிலேயே எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடும். பத்து விநாடி ஓடியது, டேங்க் சரி என்று எழுதினால் அது அந்தக் கிண்ணத்துப் பெட்ரோலுக்குக் கொடுத்த சான்று. முதலில் ஆஃபில் வைத்து எஞ்சின் நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு டேங்கிலும் அதைவிட அதிக நேரம் ஓட்டினால்தான் அந்த டேங்கிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியும். ஆஃபில் வைத்தும் எஞ்சின் நிற்கவே இல்லை என்றால் வால்வு மூடவில்லை, தீ வந்தால் நிறுத்த வழியில்லை.

கேஜ்

கால்வாசி, பாதி என்று மெக்கானிக் சொன்னதை மறுபடி பாருங்கள். கோடே போடாத பட்டையில் கால்வாசி என்பது பட்டையின் உயரத்தில் கால்வாசி. டேங்க் செவ்வகப் பெட்டியாக இருந்தால் அது டேங்கிலும் கால்வாசிதான். லாங்-ஈஸியின் டேங்க் இறக்கை வடிவத்துக்குச் சரிந்து ஒடுங்கியது. உயரத்துக்கும் கொள்ளளவுக்கும் நேர் விகிதம் கிடையாது. தரையில் விமானம் நிற்கும் சாய்வும் பறக்கும்போது இருக்கும் சாய்வும் வேறு என்பதையும் சேர்த்தால், அந்த 'கால்வாசி'யை கேலனாக மாற்ற வழியே இல்லை.

அளவுக்கோடு போடும் முறை பொறுமையைச் சோதிக்கும், ஆனால் சுலபம். டேங்கைக் காலி செய்து, விமானத்தைச் சம நிலையில் பறக்கும் சாய்வுக்குத் தூக்கி வைத்து, எஞ்சினால் எடுக்க முடியாமல் அடியில் தங்கும் அளவை முதலில் ஊற்றி, அங்கே பூஜ்யம் என்று கோடு. அப்புறம் இரண்டிரண்டு கேலனாக ஊற்றி ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. தரையில் நிற்கும் சாய்வுக்கு வேண்டுமானால் இன்னொரு வரிசை. கோடுகள் ஒன்றுக்கொன்று சம தூரத்தில் வராது, வரக்கூடாது. கம்பெனி விமானத்தில் முள் கேஜுக்கும் விதி 23 இதைத்தான் கேட்டது: பயன்படுத்தக்கூடியது தீர்ந்த இடத்தில் பூஜ்யம் காட்ட வேண்டும், டேங்கே வறண்ட இடத்தில் இல்லை. கேஜ் காலியில் மட்டும் சரியாகக் காட்டினால் போதும், மற்ற இடத்தில் எப்படி வேண்டுமானாலும் காட்டலாம் என்று இந்த விதிக்கு ஒரு வியாக்கியானம் விமானம் நிறுத்தும் ஹேங்கர்களில் உலவுகிறது, கேஜை மாற்றச் செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு வசதியான வியாக்கியானம் அது.

கேஜ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கிளம்பும் முன் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பதை விடக்கூடாது. பகலில் கண்ணால் பார்த்துப் பறப்பதற்கு, போய்ச்சேர்ந்த பிறகும் 30 நிமிடத்துக்குப் போதுமான எரிபொருள் மிச்சம் இருக்கும்படி கிளம்ப வேண்டும், இரவில் 45 நிமிடம், இது அமெரிக்க விதி. மணி நேரக் கணக்கை கோடில்லாத பட்டையை வைத்துப் போட முடியாது.

மற்றவை

வழக்கமான பாகங்களைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடலாம், இவற்றில் தாள்கள் நன்றாகவே இருக்கின்றன. டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா. பூச்சி கூடு கட்டினால் டேங்குக்குள் வெற்றிடம் வந்து பெட்ரோல் இறங்காது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே போகும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில்தான் தேங்கும், அதனால் அடியில் உள்ள வடிகாலில் எடுத்துப் பார்க்க வேண்டும், சின்ன விமானங்களுக்குப் போடும் 100 எல்.எல். பெட்ரோல் நீல நிறம், குவளை முழுக்கத் தண்ணீராகவே வந்தால் பிரிகோடு தெரியாது, நிறத்தைத்தான் பார்க்க வேண்டும். குழாய் இணைப்புகளில் நீலக் கறை தெரிந்தால் கசிவு. ஃபைபர் கிளாஸ் டேங்கில் பிசின் துணுக்கும் சீலன்ட் துண்டும் உதிர்ந்து ஃபில்டரில் சேரும், வீட்டில் கட்டிய விமானத்தில் முதல் சில மாதங்களில் ஃபில்டரை அடிக்கடி திறந்து பார்ப்பது நல்லது. எஞ்சினுக்குப் போய்ச்சேரும் அளவையும் லைனைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் பிடித்து அளக்கலாம்: விதி 23 கேட்டது, பம்ப் வைத்த அமைப்பில் டேக்-ஆஃபுக்குத் தேவையானதில் 125 சதவீதம், புவியீர்ப்பில் தானாக இறங்கும் அமைப்பில் 150 சதவீதம்.

ஒன்றை மட்டும் விட மனமில்லை. செஸ்னா 182 போன்ற விமானங்களில் சில வருடத் தயாரிப்புகளுக்கு டேங்க் என்பது இறக்கைக்குள் வைத்த ரப்பர் பை. பை அடியில் சுருக்கம் விழுந்தால் அதற்குப் பின்னால் தண்ணீர் அணை கட்டி நிற்கும், வடிகாலில் எத்தனை முறை எடுத்தாலும் சுத்தமான பெட்ரோல்தான் வரும், விமானம் மூக்கைத் தூக்கும்போதுதான் அந்தத் தண்ணீர் வழிந்து எஞ்சினுக்குப் போகும். 1984-ல் வந்த கட்டாய ஆணை சுருக்கங்களைப் பார்க்கச் சொன்னதோடு நிற்கவில்லை. வாலைத் தாழ்த்தி, இறக்கைகளை ஆட்டி, பிறகு வடித்துப் பார்க்கச் சொன்னது. நிற்கும் விமானத்தில் தெரியாத குறையை, பறக்கும் விமானத்தின் அசைவைத் தரையிலேயே வரவழைத்துப் பார்க்கும் இன்ஸ்பெக்ஷன் அது. செலக்டருக்கும் இதே மனப்பான்மை வேண்டும் என்றுதான் மேலே இவ்வளவு நேரம் சொன்னேன்.

மாற்றி வைக்க நினைப்பவர்களுக்கு

மான்டரே விமானத்தைக் கட்டியவரின் பயத்துக்குத் திரும்ப வருவோம். பைலட் அறைக்குள் பெட்ரோல் லைன் வேண்டாம் என்பது மோசமான யோசனை இல்லை. வால்வைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். முன்னால் வரவேண்டியது கைப்பிடி மட்டும்தான், அதுவும் பாதி வழியில் நிற்காமல் பைலட்டின் கைக்கு வர வேண்டும், பக்கத்தில் இடது, வலது, ஆஃப் என்று எழுதியிருக்க வேண்டும், கைப்பிடியின் முனை காட்டும் பக்கமும் டேங்க் இருக்கும் பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆனால் இப்படி நீளக் குழாயோ கேபிளோ வைத்து இணைத்தால் புதிதாக ஒரு குறைக்கு இடம் வருகிறது, அதை ஒவ்வொரு வருடமும் பார்க்க வேண்டும். மூட்டுகளில் கொஞ்சம் ஆட்டம் சேர்ந்தால், முன்னால் கைப்பிடி இடது என்ற எழுத்துக்கு நேராக நிற்கும், பின்னால் வால்வு அந்த நிலைக்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றிருக்கும். சும்மா ஓட்டிப் பார்த்தால் தெரியாது, பாதி திறந்த வால்விலும் குறைந்த வேகத்தில் எஞ்சின் சமத்தாக ஓடும். முழு த்ராட்டில் கொடுக்கும்போதுதான் பெட்ரோல் போதாமல் இருமும். அதனால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் பெல்ட்டோடு, இன்னொருவர் எஞ்சின் கவரைத் திறந்து வால்வுப் பக்கம். முன்னால் இருப்பவர் திருப்பிவிட்டு எந்த டேங்க் என்று சத்தமாகச் சொல்ல, பின்னால் இருப்பவர் வால்வு முழுதாக உட்கார்ந்துவிட்டதா என்று பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும், இரண்டு திசையிலிருந்தும் வந்து, ஏனென்றால் ஆட்டம் ஒரு பக்கம் வரும்போது மட்டும் தெரியும். இருவர் சொல்வதும் ஒரு நிலையில் ஒத்துப்போகவில்லை என்றாலும் லாக்புக்கில் எழுதிவிட்டு, அதைச் சரிசெய்யும் வரை விமானத்தை ஹேங்கரிலேயே நிறுத்திவைக்க வேண்டும்.